ஒரு நாடு ஏன் இன்னும் ஏழையா இருக்கு? நாமளே தோண்டிப் பாக்கறது எப்படி

ஏதோ ஒரு நாடு கடன் கட்ட முடியாம கைய விரிச்சிடுச்சுன்னு செய்தி வந்தா போதும், பேசறவங்க ரெண்டு கட்சியா பிரிஞ்சிடறாங்க. ஒரு பக்கம், அங்க இருக்கறவங்க உழைக்க மாட்டாங்க, தலைவருங்க எல்லாம் திருடங்க. இன்னொரு பக்கம், எல்லாம் வெள்ளைக்காரன் சுருட்டிட்டுப் போனது, வேற ஒண்ணும் இல்ல. ரெண்டும் ஒரே வரில முடிஞ்சிடுது, அதனாலயே எனக்கு ரெண்டு மேலயும் நம்பிக்கை இல்ல. நான் ரொம்ப நாளா செஞ்சிட்டு வர்ற ஒரு முறை இருக்கு, ஒரு நாட்ட எடுத்துக்கிட்டு அதோட வரவு செலவுக் கணக்கப் படிக்கற மாதிரி படிக்கறது. உள்ள என்ன வந்துச்சு, வெளிய என்ன போச்சு, விலைய யார் வெச்சாங்க, கடன் பத்திரம் யார் கையில இருந்துச்சுன்னு பாத்துட்டே போனா அந்த நாட்டோட வறுமைக்கு தேதி, தொகை, ஊர்ப்பேர் எல்லாம் கிடைக்குது. பொருளாதாரம் படிச்சிருக்கணும்னு அவசியமே இல்ல, ஒரு வாரம் சாயங்காலத்துல ஒக்காந்தா போதும், உலக வங்கியோட டேட்டா தளமும் ஐ.நா.வோட காம்ட்ரேட் வர்த்தகக் கணக்கும் இலவசமா கிடைக்குது.

ஒரே ஒரு நாடு, ஒரே ஒரு காகிதம்

"ஆப்பிரிக்கா ஏன் ஏழை"ன்னு ஆரம்பிச்சீங்கன்னா ஒண்ணும் கிடைக்காது, அது 54 நாடு, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கதை. ஒரு நாட்ட எடுங்க. காகிதத்தோட தலைப்புல மூணு விஷயம் எழுதுங்க: யார் ஆண்டாங்க, எந்தத் தேதில விட்டுட்டுப் போனாங்க, போகும்போது என்ன நிலைமைல விட்டாங்க. இந்த மூணாவது கேள்விய நெறைய பேர் கேக்கறதே இல்ல, சுதந்திரத் தேதியோட எல்லாரும் ஒரே கோட்டுல நின்னு ஓட ஆரம்பிச்ச மாதிரி பேசறாங்க.

காங்கோவ எடுங்க. பெல்ஜியம் 1960 ஜூன் 30 அன்னைக்கு விட்டுட்டுப் போச்சு. மேற்கு ஐரோப்பா அளவுக்கு இருக்கற அந்த நாட்டுல அன்னைக்கு பல்கலைக்கழகப் பட்டம் வாங்கின காங்கோக்காரங்க 30 பேர் கூட இல்ல, ராணுவத்துல ஒரு கருப்பின அதிகாரி கூட இல்ல, எல்லா அதிகாரியும் பெல்ஜியக்காரங்க தான். பதினோரு நாள்ல தாமிரச் சுரங்கம் இருக்கற கட்டாங்கா மாகாணம் பெல்ஜியத்தோட தயவுல தனியா பிரிஞ்சிக்கிச்சு. முதல் பிரதமர் லுமும்பாவ 1961 ஜனவரி 17 அன்னைக்கு கொன்னுட்டாங்க, சுதந்திரம் வந்து ஏழு மாசம் கூட ஆகல. இத எழுதி வெச்சுட்டு அப்பறம் "அவங்களுக்கு ஆளத் தெரியல"ன்னு யாராவது சொன்னா, ஆளறதுக்கு எத்தன பேர பழக்கிட்டுப் போனாங்கன்னு திருப்பிக் கேக்கலாம்.

சுதந்திரத்தோட சேந்து வந்த கடன தேடுங்க

என்னப் பொறுத்தவரைக்கும் இது தான் முக்கியமான படி, இதுல தான் நேரம் செலவழிக்கணும். நீங்க எடுத்த நாடு விடுதலை ஆனப்ப யாருக்காவது பணம் கட்ட வேண்டி வந்துச்சான்னு பாருங்க.

நான் முதல்ல பாத்தது ஹைட்டி. அடிமையா இருந்த ஜனங்க 1791ல கிளம்பி, சண்ட போட்டு, நெப்போலியன் அனுப்பின படையயும் தோக்கடிச்சு 1804ல சுதந்திரம் அறிவிச்ச நாடு. இருபத்தொரு வருஷம் கழிச்சு 1825ல பிரெஞ்சு அரசர் பத்தாம் சார்லஸ் போர்க்கப்பல்கள அனுப்பி ஒரு உத்தரவக் கொடுக்கறார், உங்க சுதந்திரத்த ஒத்துக்கறோம், ஆனா 150 மில்லியன் ஃபிராங்க் கட்டணும், அஞ்சு தவணை. எதுக்கு? பிரெஞ்சு முதலாளிங்க இழந்த சொத்துக்கு நஷ்ட ஈடு. அந்த சொத்துக் கணக்குல அந்த ஜனங்களும் இருந்தாங்க. அதாவது தன்ன அடிமையா வெச்சிருந்தவனுக்கு, தன்னோட ஒடம்புக்கான விலைய, விடுதலையானவன் கட்டணும்.

இப்ப முதல் தவணைய மட்டும் கிட்டப் போய் பாப்போம், ஏன்னா முழு கதையும் அதுலயே இருக்கு. ஒரு தவணை 30 மில்லியன். ஹைட்டி கிட்ட அவ்ளோ பணம் கிடையாது. அதனால பாரிஸ் வங்கிக்காரங்க கிட்ட 30 மில்லியன் கடன் எழுதறாங்க. வங்கிக்காரங்க 6 மில்லியன கமிஷன்னு முன்னாடியே பிடிச்சிக்கிட்டாங்க, கையில கிடைச்சது 24. ஆனா கட்ட வேண்டியது 30, எழுதின கடனும் 30, வட்டி தனி. மிச்சத்த கஜானாவ சொரண்டி அனுப்பினாங்க. பணம் கேக்கறதும் பிரான்ஸ், அதக் கட்டறதுக்கு கடன் கொடுக்கறதும் பிரான்ஸ். 1838ல மொத்தத் தொகைய 90 மில்லியனா குறைச்சாங்க, ஆனா அதுக்குள்ள கடன் மேல கடன்னு வட்டி குட்டி போட ஆரம்பிச்சிடுச்சு, ஒரு கடன அடைக்க இன்னொரு கடன்னு போய், இதோட தொடர்ச்சியா வந்த கடன் பாக்கி எல்லாம் தீர்ந்தது 1947ல. நடுவுல 1914 டிசம்பர்ல அமெரிக்கப் படைவீரங்க ஹைட்டியோட தேசிய வங்கிலேர்ந்து 5 லட்சம் டாலர் தங்கத்த எடுத்துட்டு நியூயார்க்குக்குப் போனாங்க, அடுத்த வருஷம் நாட்டையே பிடிச்சு 1934 வரைக்கும் வெச்சிருந்தாங்க.

பள்ளிக்கூடம் கட்ட வேண்டிய நூறு வருஷத்துல ஒரு நாடு தவணை கட்டிட்டு இருந்துச்சுங்கறது தான் நாம காகிதத்துல எழுத வேண்டியது. 2003ல அப்போதைய ஜனாதிபதி அரிஸ்டீட் அந்தத் தொகைய வட்டியோட கணக்குப் போட்டு பிரான்ஸ் கிட்ட 21 பில்லியன் டாலருக்கு மேல திருப்பிக் கேட்டார், சென்ட் வரைக்கும் கணக்கு போட்டு. அடுத்த வருஷமே அவர் பதவில இல்ல, அதுக்கு வேற காரணங்களும் நெறைய உண்டு, அத தனியா படிங்க.

ஹைட்டி மட்டும் விதிவிலக்குன்னு நெனச்சிடாதீங்க. இந்தோனேசியா 1945ல சுதந்திரம் அறிவிச்சுச்சு, டச்சுக்காரங்க ஒத்துக்கிட்டது நாலு வருஷ சண்டைக்கு அப்பறம் 1949ல. ஹேக் நகரத்துல நடந்த வட்டமேஜை மாநாட்டுல போட்ட நிபந்தனைகள்ல ஒண்ணு, காலனி அரசாங்கத்தோட கடன், 4 பில்லியன் கில்டருக்கு மேல, புது நாடு ஏத்துக்கணும். அதுல இந்தோனேசியர்கள எதிர்த்து டச்சு ராணுவம் சண்ட போட்ட செலவும் அடக்கம். 1956ல இந்தோனேசியா இனிமே கட்ட மாட்டோம்னு சொல்லிடுச்சு.

இதுக்குப் பக்கத்துல, அதே காகிதத்துல, எதிர்ப்பக்கத்துக் கணக்க எழுதுங்க. பிரிட்டன் 1833ல அடிமை முறைய ஒழிச்சப்ப 20 மில்லியன் பவுண்டு நஷ்ட ஈடு கொடுத்துச்சு, அந்தக் காலத்துல அரசாங்கத்தோட ஒரு வருஷச் செலவுல சுமார் 40 சதவீதம். வாங்கினது முதலாளிங்க, அடிமையா இருந்தவங்களுக்கு ஒரு பைசா கிடையாது, அதுக்கு மேல "பயிற்சி"ங்கற பேர்ல 1838 வரைக்கும் அதே எஜமானுக்கு வேலை வேற செய்ய வெச்சாங்க. அதுக்காக வாங்கின கடன பிரிட்டன் அரசாங்கம் முழுசா அடைச்சு முடிச்சது 2015ல, அது வரைக்கும் வரி கட்டினவங்கள்ல அந்த அடிமைங்களோட பேரப் பிள்ளைங்களும் உண்டு.

இன்னொரு ஒப்பீடும் வேணும். 1953ல கடன் கொடுத்த நாடுங்க லண்டன்ல உக்காந்து மேற்கு ஜெர்மனியோட கடன்ல பாதிக்கு கிட்ட தள்ளுபடி பண்ணாங்க, மிச்சத்த அந்த நாடு ஏற்றுமதி பண்ணி சம்பாதிக்கற பணத்துலேர்ந்தே கட்டற மாதிரி தவணைய நீட்டிக் கொடுத்தாங்க. உலகப்போர ஆரம்பிச்ச நாட்டுக்கு அது. நல்லது தான் பண்ணாங்க, ஐரோப்பா எழுந்து நின்னதுக்கு அதுவும் ஒரு காரணம். கடன்காரன் பொழைச்சா தான் கடன் திரும்பும்னு அவங்களுக்கு நல்லாவே தெரியும்ங்கறதுக்கு இது சாட்சி, அதனால தான் எழுதி வெக்கச் சொல்றேன்.

இப்ப என்ன விக்கறாங்கன்னு பாருங்க

அடுத்து காம்ட்ரேட்லயோ உலக வங்கி தளத்துலயோ போய் அந்த நாட்டோட ஏற்றுமதிப் பட்டியல எடுங்க. முதல் ரெண்டு பொருளே மொத்த ஏற்றுமதில பாதிய தாண்டுதுன்னா செவப்பு மைல வட்டம் போடுங்க. அந்தப் பொருள் காலனி காலத்துலயும் அதே தானான்னு பாருங்க, பெரும்பாலும் அதே தான் இருக்கும்.

சாம்பியா 1964 அக்டோபர் 24ல விடுதலை ஆனப்ப ஏற்றுமதில 90 சதவீதத்துக்கு மேல தாமிரம். பத்து வருஷம் நல்லா போச்சு, பள்ளிக்கூடம் ஆஸ்பத்திரி எல்லாம் கட்டினாங்க. 1975ல தாமிர விலை சரிஞ்சுது. அங்க யாரும் சோம்பேறி ஆகல, சுரங்கத்துல அதே ஆளுங்க அதே வேலையத் தான் செஞ்சாங்க, ஆனா நாட்டோட வருமானம் போச்சு. விலை லண்டன் உலோகச் சந்தைல முடிவாகுது. அர்ஜென்டினாவோட ராவுல் ப்ரெபிஷ், ஹான்ஸ் சிங்கர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 1950லயே தனித்தனியா இதச் சொன்னாங்க, கச்சாப் பொருள் விக்கற நாடு நாளாக ஆக, அதே ஒரு டிராக்டர் வாங்கறதுக்கு இன்னும் அதிக மூட்டை கொடுக்க வேண்டி வரும்னு. எல்லாப் பொருளுக்கும் எல்லாக் காலத்துக்கும் அது சரியான்னு இன்னும் விவாதம் ஓடுது, ஆனா விலை ஏறி இறங்கற ஆட்டத்துல அடி வாங்கறது யாருன்றதுல விவாதமே இல்ல.

கோகோவும் அதே மாதிரி தான். உலகத்துல விளையற கோகோல சுமார் பாதிலேர்ந்து 60 சதவீதம் வரைக்கும் ஐவரி கோஸ்ட்டும் கானாவும். ரெண்டே நாடு சேந்து சந்தைய கையில வெச்சிருக்கணும், ஆனா விலை லண்டன், நியூயார்க் எக்ஸ்சேஞ்ச்ல தான் நிக்குது. 2024 டிசம்பர்ல விலை டன்னுக்கு 12,000 டாலர தாண்டுச்சு, ஆனா கானா விவசாயிக்கு அந்த விலை அப்படியே போய்ச் சேரல, ஏன்னா அரசாங்க வாரியம் பயிர முன்கூட்டியே பழைய விலைக்கு வித்து வெச்சிருந்துச்சு, விவசாயிக்கு சீசனுக்கு ஒரு நிர்ணய விலை. இங்க தப்பு வெளிய மட்டும் இல்ல, உள்ளயும் இருக்கு, அதையும் எழுதுங்க. இன்னொண்ணு, கொட்டையா அனுப்பினா பணக்கார நாடுகள்ல பெரும்பாலும் வரி கிடையாது, பதப்படுத்தி அனுப்ப அனுப்ப சுங்கவரி படி படியா ஏறும், சில நாடுகளுக்கு தனி ஒப்பந்தத்துல சலுகை உண்டு. நீங்க எடுத்த நாட்டுக்கு எப்படின்னு உலக வர்த்தக அமைப்போட வரிப் பட்டியல்ல தேடிப் பாருங்க.

சரி, அவங்களே தொழிற்சாலை கட்ட வேண்டியது தானேன்னு கேப்பாங்க. கானா கட்டிப் பாத்துச்சு. 1965ல அக்கோசொம்போ அணை முடிஞ்சுது, வோல்டா ஏரி பரவினதுல சுமார் 80,000 பேர் ஊர விட்டு எழுந்தாங்க. ஜனாதிபதி என்க்ரூமாவோட திட்டம் தெளிவானது, எங்க மண்ணுல பாக்சைட், அதாவது அலுமினியத் தாது, இருக்கு, எங்க ஆத்துல மின்சாரம் எடுக்கறோம், எங்க ஊர்லயே அலுமினியம் பண்றோம். நடந்தது என்னன்னா, தேமா துறைமுகத்துல அமெரிக்கக் கம்பெனிங்க போட்ட உருக்காலைக்கு அணை மின்சாரம் நீண்ட கால ஒப்பந்தத்துல அடிமாட்டு விலைக்குப் போச்சு, உருக்கறதுக்கான அலுமினா, அதாவது பாக்சைட்ட சுத்திகரிச்சு எடுக்கற தூள், வெளிநாட்லேர்ந்து கப்பல்ல வந்துச்சு, கானாவோட சொந்த பாக்சைட் கச்சாவாவே வெளிய போச்சு. தாது, மின்சாரம், உருக்காலை மூணுமே ஒரே நாட்டுல இருந்தும் நடுவுல இருக்கற ஒரு கண்ணி, பாக்சைட்ட அலுமினாவா மாத்தற ஆலை, மட்டும் கையில இல்ல. லாபம் அந்தக் கண்ணில தான். எந்த நாட்ட எடுத்தாலும் இப்படி "நடுவுல எது இல்ல"ன்னு தேடிப் பாருங்க, கிடைச்சிடும்.

ரயில் மேப்ப விரிச்சுப் பாருங்க

இது சின்ன வேலை, பத்து நிமிஷம். அந்த நாட்டோட ரயில் பாதை எங்க ஆரம்பிச்சு எங்க முடியுதுன்னு விரல் வெச்சுப் பாருங்க. கானால 1901ல செகோண்டி துறைமுகத்துலேர்ந்து தார்க்வா தங்கச் சுரங்கம் வரைக்கும் போட்டாங்க, 1903ல குமாசி. சுரங்கம், துறைமுகம், அவ்ளோ தான். பக்கத்து நாட்டுக்கு பாதை இருக்காது, இருந்தாலும் தண்டவாள அகலம் வேற வேறயா இருக்கும். ரெண்டு அண்டை நாடு வியாபாரம் பண்ணிக்கறத விட ஐரோப்பாவுக்கு அனுப்பறது சுலபம்னா பாதையே அப்படித் தான் போட்டிருக்கு. இத உடைக்க சாம்பியாவும் தான்சானியாவும் 1970லேர்ந்து 1975க்குள்ள சீனா உதவில 1,860 கிலோமீட்டர் பாதை போட்டாங்க, அதுக்கு முன்னாடி சாம்பியாவோட தாமிரம் பெரும்பாலும் இனவெறி அரசு நடந்த ரொடீசியா (இன்னைக்கு ஜிம்பாப்வே) வழியா தான் கடலுக்குப் போயிட்டு இருந்துச்சு.

"ரயில் கொடுத்துட்டுப் போனாங்களே"ன்னு சொல்றவங்களுக்காக ஒரு வரி. இந்தியால ஆரம்ப கால ரயில் கம்பெனிங்கள்ல பணம் போட்ட பிரிட்டிஷ்காரங்களுக்கு லாபம் வந்தாலும் வராட்டியும் 5 சதவீத வருமானம் உத்தரவாதம், குறைஞ்சா இந்திய வரிப்பணத்துலேர்ந்து ஈடு கட்டுவாங்க. செலவு எவ்ளோ ஆனாலும் முதலீட்டாளருக்கு நஷ்டமே இல்லன்னா சிக்கனமா கட்டணும்னு யாருக்குத் தோணும்?

நோட்டு எங்க அச்சாகுது

முன்னாள் பிரெஞ்சு காலனி எதையாவது எடுத்திருந்தீங்கன்னா இத விட்டுடாதீங்க. சிஎஃப்ஏ ஃபிராங்க் 1945 டிசம்பர் 26ல பிரான்ஸ் உருவாக்கின பணம், இன்னைக்கும் 14 நாட்டுல ஓடுது, யூரோவோட கட்டிப் போட்டிருக்கு, ஒரு யூரோவுக்கு 655.957. நோட்டு அச்சாகறது பிரான்ஸ்ல ஷமாலியேர்ங்கற ஊர்ல. பல வருஷமா இந்த நாடுகளோட அந்நியச் செலாவணி கையிருப்புல பாதிய பிரெஞ்சு கருவூலத்துல வெச்சிருக்கணும்னு விதி, மேற்கு ஆப்பிரிக்கப் பக்கத்துக்கு இத எடுக்கறதா அறிவிச்சது 2019 டிசம்பர்ல தான். இதுல நல்லதும் உண்டு, பக்கத்து நாடுங்கள்ல விலைவாசி தறிகெட்டு ஏறினப்ப இங்க கட்டுப்பாட்டுல இருந்துச்சு. ஆனா 1994 ஜனவரில ஒரே ராத்திரில இந்தப் பணத்தோட மதிப்ப பாதியா குறைச்சாங்க. இறக்குமதி மருந்து விலை மறுநாளே எகிறினா அதத் தாங்கறது யாருன்னு யோசிச்சுப் பாருங்க.

கடன் கணக்கு

உலக வங்கி தளத்துல வெளிநாட்டுக் கடன் புள்ளிவிவரம் இருக்கு, அதுல மொத்தக் கடன் எவ்ளோன்றத விட வருஷா வருஷம் அசலும் வட்டியுமா எவ்ளோ வெளிய போகுதுன்றத பாருங்க. அத அந்த நாட்டோட சுகாதாரச் செலவுக்குப் பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஐ.நா. வர்த்தக வளர்ச்சி மாநாட்டு அமைப்பு 2024ல சொன்ன கணக்குப்படி உலகத்துல 330 கோடி பேர் வாழற நாடுகள்ல கல்விக்கோ சுகாதாரத்துக்கோ செலவழிக்கறத விட வட்டிக்கு அதிகமா போகுது.

கடன் எப்படி ஏறுச்சுன்னு வருஷத்தப் பாத்தாலே தெரியும். 1970கள்ல எண்ணெய்ப் பணம் மேற்கத்திய வங்கிகள்ல குவிஞ்சு கிடந்துச்சு, கூப்பிட்டு கூப்பிட்டு கடன் கொடுத்தாங்க, வட்டி மாறும் வட்டி, அதாவது சந்தைல வட்டி ஏறினா இதுவும் ஏறும். அமெரிக்கா தன் நாட்டு விலைவாசிய அடக்கறதுக்காக வட்டிய ஏத்திட்டே போச்சு, 1981ல 20 சதவீதத்த தொட்டுச்சு. வாஷிங்டன்ல எடுத்த முடிவுக்கு உலகம் முழுக்க தவணை ஏறுச்சு. 1982 ஆகஸ்ட்ல மெக்சிகோ முடியலன்னு சொல்லிடுச்சு, அப்பறம் வரிசையா. உதவிக்கு வந்த ஐஎம்எஃப், அதாவது சர்வதேச நாணய நிதியம், நிபந்தனை போட்டுச்சு, மானியத்த வெட்டு, அரசு வேலைய குறை, சந்தைய தொற. அதே காலத்துல பணக்கார நாடுங்க தன்னோட விவசாயிகளுக்கு மானியம் கொடுத்துட்டு தான் இருந்தாங்க. பெனின், புர்கினா ஃபாசோ, சாட், மாலி, பருத்திய நம்பி இருக்கற இந்த நாலு நாடும் 2003ல உலக வர்த்தக அமைப்புல போய் அமெரிக்கப் பருத்தி மானியம் எங்க விலைய அமுக்குதுன்னு முறையிட்டாங்க. அடுத்த வருஷமே பிரேசில் தனியா போட்ட வழக்குல அந்த மானியத்துல பெரும்பகுதி விதிக்கு விரோதம்னு தீர்ப்பே வந்துச்சு.

கடன் பத்திரம் கை மாறறத பத்தியும் ஒண்ணு சொல்லணும், இது படிச்சப்ப ராத்திரி தூக்கம் வரல எனக்கு. 1979ல சாம்பியா ருமேனியா கிட்ட டிராக்டர் வாங்கறதுக்காக கடன் எடுத்துச்சு. கட்ட முடியல. 1999ல அந்தக் கடன் பாக்கிய ஒரு தனியார் ஃபண்டு 3 மில்லியன் டாலர் சொச்சத்துக்கு வாங்கிச்சு. வாங்கிட்டு லண்டன் நீதிமன்றத்துல 55 மில்லியன் கேட்டு வழக்கு போட்டுச்சு. 2007ல கோர்ட் 15 மில்லியனுக்கு மேல கொடுக்கச் சொல்லி தீர்ப்பு. சாம்பியாவுக்கு மத்த நாடுகள் கடன் தள்ளுபடி கொடுத்துட்டு இருந்த அதே சமயத்துல, அந்தப் பணம் சுகாதாரத்துக்குப் போகணும்னு எல்லாரும் பேசிட்டு இருந்தப்ப. பிரிட்டன் 2010ல இந்த மாதிரி வழக்குக்கு கடிவாளம் போட ஒரு சட்டம் கொண்டு வந்துச்சு, அது மக்கள் கத்தினதால வந்தது. நீங்க எடுத்த நாட்டோட கடன் யார் கையில இருக்குன்னு, அரசாங்கமா, வங்கியா, பத்திரம் வாங்கினவங்களான்னு, பிரிச்சு எழுதுங்க.

நம்பர்ல ஏமாறாதீங்க

தலைக்கு இவ்ளோ ஜிடிபின்னு பாத்து முடிவு பண்ணாதீங்க. ஜிடிபிங்கறது அந்த மண்ணுல உற்பத்தியானது, அந்த மண்ணுலயே தங்கினது கிடையாது. ஜிஎன்ஐயும், அதாவது அந்த நாட்டுக்காரங்க கைக்கு வந்து சேர்ற மொத்த வருமானம், பக்கத்துல எழுதுங்க, ரெண்டுக்கும் நடுவுல பெரிய இடைவெளி இருந்தா லாபம் வெளிய போகுதுன்னு பெரும்பாலும் அர்த்தம். எண்ணெய் விக்கற ஈக்குவடோரியல் கினி தலைக்கு வருமானத்துல ஒரு காலத்துல ஐரோப்பிய நாடுகளுக்கு கிட்ட இருந்துச்சு, ஆனா நாட்டுல பாதி ஜனங்களுக்கு சுத்தமான குடிதண்ணி இல்ல.

ஏற்றுமதி எந்த நாட்டுக்குப் போகுதுன்னும் பாருங்க. சாம்பியா தாமிரத்த அதிகமா வாங்கினது யாருன்னு பல வருஷக் கணக்குல சுவிட்சர்லாந்து முதல் இடத்துல வருது. கடலே இல்லாத, தாமிரம் உருக்காத நாடு. தாமிரம் அங்க போகல, காகிதம் மட்டும் போச்சு, சரக்கு நேரா ஆசியாவுக்கோ வேற எங்கயோ. ஒரே கம்பெனியோட ரெண்டு கிளை நடுவுல குறைஞ்ச விலைக்கு வித்துக்கிட்டா லாபம் எந்த நாட்டுல தெரியணும்னு அவங்களே முடிவு பண்ணலாம், வரியும் அங்க தான். தென்னாப்பிரிக்காவோட முன்னாள் ஜனாதிபதி தபோ எம்பெகி தலைமைல இருந்த உயர்மட்டக் குழு 2015ல ஆப்பிரிக்காலேர்ந்து வருஷத்துக்கு 50 பில்லியன் டாலருக்கு மேல இப்படி கள்ளத்தனமா வெளிய போகுதுன்னு சொல்லுச்சு. இவங்களுக்கு உதவி பண்றோம்னு சொல்ற நாடுங்க, தேச வருமானத்துல 0.7 சதவீதம் கொடுக்கறோம்னு 1970ல ஐ.நா.வுல தீர்மானம் போட்டும், விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர் தான் அத எட்டினாங்க.

ஓட்டு யார் கையில இருக்குன்றதையும் ஒரு வரி எழுதிக்கோங்க. ஐஎம்எஃப்ல முக்கிய முடிவுக்கு 85 சதவீத ஓட்டு வேணும், அமெரிக்கா கிட்ட 16 சதவீதத்துக்கு மேல இருக்கு, அதாவது அமெரிக்கா வேண்டாம்னா அது நடக்காது. 2021 ஆகஸ்ட்ல 650 பில்லியன் டாலருக்கு சிறப்பு நிதி ஒதுக்கினப்ப அதே பங்கு விகிதத்துல தான் பிரிச்சாங்க, மொத்த ஆப்பிரிக்காவுக்கும் சேத்து சுமார் 33 பில்லியன்.

உங்க முடிவ நீங்களே எதிர்த்துப் பாருங்க

இவ்ளோ எழுதினதும் எல்லாத்துக்கும் காலனி தான் காரணம்னு தோணும். இங்க தான் நிதானம் வேணும். அதே மாதிரி ஆரம்பிச்சு வேற எங்கயோ போன நாடு ஒண்ண எடுத்து பக்கத்துல வைங்க.

போட்ஸ்வானா 1966ல விடுதலை ஆனப்ப உலகத்துலயே ரொம்ப ஏழை நாடுகள்ல ஒண்ணு, நாடு முழுக்க தார் ரோடு 12 கிலோமீட்டர்னு சொல்வாங்க. 1967ல ஒராபாங்கற இடத்துல வைரம் கிடைச்சுது. ஆரம்பத்துல அரசாங்கத்துக்கு வைரச் சுரங்கக் கம்பெனில பங்கு 15 சதவீதம். முதல் ஜனாதிபதி செரெட்சே காமாவோட அரசு திரும்பத் திரும்ப பேச்சுவார்த்தைக்கு உக்காந்து 1975ல அத 50 ஆக்குச்சு, அடுத்த வருஷம் தென்னாப்பிரிக்க ராண்ட விட்டு வெளிய வந்து சொந்தமா புலாங்கற பணத்தக் கொண்டு வந்துச்சு, வைரப் பணத்துல பள்ளிக்கூடம் போட்டுச்சு. அதே வருஷங்கள்ல காங்கோல சர்வாதிகாரி மொபுட்டு 1965லேர்ந்து 1997 வரைக்கும் நாட்ட சொந்த பீரோ மாதிரி வெச்சிருந்தார். அவர மேற்கு நாடுங்க தாங்கிப் பிடிச்சது உண்மை, ஆனா எடுத்தது அவர் கை தான், ஜனங்க தலைல பல பில்லியன் டாலர் கடன விட்டுட்டுப் போனார். ரெண்டையும் எழுதணும். போட்ஸ்வானால கூட எல்லாம் தீர்ந்துடல, உள்ளுக்குள்ள ஏற்றத்தாழ்வு பயங்கரம், செயற்கை வைரம் வந்ததுலேர்ந்து வருமானம் ஆட்டம் கண்டிருக்கு, ஒரே பொருள்ங்கற செவப்பு வட்டம் அங்கயும் இருக்கு.

தென் கொரியாவையும் எல்லாரும் இழுப்பாங்க, 1960 வாக்குல கானா மாதிரியே தான இருந்துச்சு, அது எப்படி மேல வந்துச்சுன்னு. நல்ல கேள்வி. பதில் தேடும்போது நிலச் சீர்திருத்தம், படிப்பு, ஏற்றுமதி செஞ்சு காட்டினா தான் கம்பெனிக்கு கடன்ங்கற கெடுபிடி, இதெல்லாம் எழுதுங்க, கூடவே அமெரிக்க உதவி கொட்டினதயும், முன்னாடி கொரியாவ ஆண்ட ஜப்பான் 1965 ஒப்பந்தத்துல 300 மில்லியன் டாலர் இலவசமாவும் 200 மில்லியன் கடனாவும் கொடுத்ததயும் எழுதுங்க. அதுல ஒரு பகுதி தான் போஹாங் உருக்காலைக்குப் போச்சு. ஜப்பான் அத நஷ்ட ஈடுன்னு சொல்லல, கட்டாய வேலை செஞ்சவங்க கைக்கு சொற்பம் தான் போச்சு, அந்தக் காயம் இன்னும் ஆறல. ஆனாலும் காகிதத்துல பாருங்க, கொரியாவுக்கு தன்ன ஆண்ட நாட்டு கிட்டேர்ந்து பணம் வந்துச்சு, ஹைட்டிலேர்ந்து தன்ன ஆண்ட நாட்டுக்குப் பணம் போச்சு.

கடைசியா எல்லாத்தையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டு வாங்க. காலனி இத்தன சதவீதம், ஊழல் இத்தன சதவீதம்னு பிரிக்காதீங்க, அப்படி அளக்க யாராலயும் முடியாது. தேதி, தொகை, யார் கையிலேர்ந்து யார் கைக்கு, இந்த வரிசைல எழுதுங்க. முடிஞ்சா அந்த நாட்டுக்காரர் ஒருத்தர் கிட்ட படிக்கக் கொடுங்க, நீங்க விட்டத ரெண்டு நிமிஷத்துல சொல்லிடுவாங்க. ஹைட்டிய எடுத்திருந்தீங்கன்னா பக்கத்தோட அடில நாலு வரி காலியா விடுங்க. 2025 ஏப்ரல் 17, அந்த உத்தரவு போட்டு சரியா 200 வருஷம் ஆன அன்னைக்கு, பிரெஞ்சு ஜனாதிபதி மக்ரோன் ரெண்டு நாட்டு வரலாற்று ஆய்வாளர்களும் சேந்த ஒரு குழுவ அறிவிச்சார். அவங்க என்ன சொல்றாங்க, பணத்தப் பத்தி ஏதாவது சொல்றாங்களான்னு பாத்து அந்த நாலு வரில எழுதிக்கலாம்.